அளவோடு செத்த செபஸ்தியான்

மிக்கேல்புரத்துச் செபஸ்தியான் போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குச் செத்துப்போனார். அன்று மதியம் நெத்திலிக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, பழைய வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினார். செத்த விஷயம் அவருக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிவிக்க வேண்டியவர்கள் முறைப்படிக் கடிதம் போட்டிருந்தார்கள். அது அதே ஊரில் இருக்கும் இன்னொரு செபஸ்தியானிடம் போய்விட்டது. அந்த மனுஷன் தான்தான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பாவம், பயந்த சுபாவம்.

நடந்தது இதுதான். ஆயுத மோதல் நெறிமுறைப் பேரவை என்று ஒன்று உண்டு. மூச்சுவிடாமல் சொல்ல முடியாதவர்களுக்காக நாம் ‘பேரவை’ என்றே வைத்துக்கொள்வோம். உலகத்தில் போரை நிறுத்துவதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு திண்டாட்டம். பேரவைக்கு அந்தத் தொல்லை கிடையாது. நடக்கிற போர் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ‘போர் நடக்கும், முறையாக நடக்கட்டும்’ என்று அவர்கள் பதாகையிலேயே பொன்னெழுத்தில் போட்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கரையைப் பிடித்து, பல நாட்டு அதிகாரிகளுக்கு அங்கே ஒரு பயிற்சிப் போர் நடத்துவார்கள். நீலநாடு, செந்நாடு என்று இரண்டு கற்பனை நாடுகள் அதில் மோதும். குண்டு கிடையாது, தோட்டா கிடையாது. தாக்குதல், சேதம், சாவு, விசாரணை, அறிக்கை எல்லாம் உண்டு. எத்தனையோ கரை இருக்க மிக்கேல்புரத்துக்கு ஏன் வந்தார்கள் என்றால், ஏசி அரங்கம் வைத்த லாட்ஜ் இராமேஸ்வரத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போர் முடிந்ததும் அதிகாரிகள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, பாவத்தைக் கழுவிக்கொண்டு, ஈரத் துண்டோடு ரயிலேறிவிடலாம்.

ஊர்க்காரர்களுக்குப் பொதுமக்கள் வேலை கொடுத்தார்கள். அதாவது, பொதுமக்களாக இருக்கும் வேலை. முன்னும் பின்னும் ‘பொதுமக்கள்’ என்று அச்சடித்த வெள்ளைச் சட்டை நாற்பது வந்தது. ஊரில் முந்நூறு பேர்.

“மத்தவுக என்னங்கய்யா?” என்று கேட்டாள் ஜோதிமேரி, செபஸ்தியானின் மனைவி. வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

“மற்றவர்கள் இன்னும் வகைப்படுத்தப்படவில்லை,” என்றார் சட்டை கொடுத்தவர்.

செபஸ்தியானுக்கு ஒரு சட்டை கிடைத்தது. அவருடைய வள்ளத்துக்கும் பதினேழு என்று ஒரு எண் ஒட்டினார்கள். வள்ளத்துக்கு ‘ஜாஸ்லின்’ என்று மகள் பெயரை வைத்திருந்தார். அந்தப் பெயரில் பாதியை ஒட்டுத்தாள் மறைத்துவிட்டது. “எப்பவும் போல இருங்கள், அதுதான் உங்கள் கடமை,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்பவும் போல இருப்பதற்கு ஆள் வந்து சொல்லிக் கொடுப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டுத் தொடக்க விழா. பேரவைத் தலைவர் முனைவர் மாரீஸ்வரன் மைக்கைப் பிடித்தார். சால்வையை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“பெரியோர்களே! அந்தக் காலத்துப் போர் காட்டுமிராண்டித்தனமானது. கண்டவனைக் கண்டபடி கொன்றார்கள். காரணமும் எழுதவில்லை, கோப்பும் இல்லை. இன்று மனிதகுலம் வளர்ந்திருக்கிறது. இன்று ஒரு வீட்டின்மேல் குண்டு விழுந்தால், அது ஏன் விழலாம் என்பதற்கு மூன்று பிரதிகளில் விளக்கம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் விண்ணப்பித்தால், உயிரோடு இருக்கும் பட்சத்தில், ஒரு பிரதி அவருக்கே கிடைக்கும்!”

அதிகாரிகள் கைதட்டினார்கள். செபஸ்தியான் மெதுவாகக் கையைத் தூக்கினார். “அய்யா, தப்பா நெனைக்காதீக. அந்த நீலநாட்டுக்கும் செந்நாட்டுக்கும் என்னத்துக்குச் சண்டை?”

தலைவர் கனிவாகச் சிரித்தார். “நல்ல கேள்வி. போருக்கான காரணத்தை ஆராயத் தனிக் குழு போட்டிருக்கிறோம். மாலை நான்கு மணிக்குள் அறிக்கை வந்துவிடும்.”

“அப்ப சண்டைய நாலு மணிக்கு மேல வச்சுக்கிடலாம்லங்கய்யா?”

“அதெப்படி? ஒரு மணிக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டதே,” என்றார் தலைவர்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது, போர் தொடங்கியது. செபஸ்தியான் எப்பவும் போல இருக்க வேண்டிய கடமையில் தென்கடலில் வள்ளத்தை விட்டு, நங்கூரக் கல்லை இறக்கி, கணவாய்க்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கணவாய் பாய்கிற பருவம். வருஷத்தில் மூன்று வாரம் அது கரையோரம் வரும்; அந்த மூன்று வாரத்தை விட்டவன் மீதி வருஷத்துக்கு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

செந்நாட்டு வீரராக நடிக்க ஏர்வாடியிலிருந்து கனி என்ற டீ மாஸ்டரைப் பிடித்து வந்திருந்தார்கள். உடுப்புக்கு ஏற்ற ஆகிருதி. நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பதினொன்றே கால் மணிக்குப் படகு ஒரு திருப்பு திரும்பியதும் கனி தவறிக் கடலில் விழுந்தார். முழங்கால் வரைக்கும் பூட்ஸ். அதில் தண்ணீர் ஏறினால் கேட்கவா வேண்டும்? தொப்பியைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார். அவர் வந்த படகிலிருந்தவர்கள், மனுஷன் என்னமாய் நடிக்கிறான் என்று வியந்துகொண்டே போய்விட்டார்கள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் எவனாவது துணியை வீசினால், பார்த்தவன் முதலில் துடுப்பை நட்டமாகத் தூக்கிக் காட்ட வேண்டும். ‘பாத்துட்டேன், வாரேன், பதறாம மித’ என்று அதற்கு அர்த்தம். தூக்கிக் காட்டிவிட்டுப் போகாமல் இருந்தவன் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, தூக்கி எடுத்த ஆள் ஒரு சொம்பு கஞ்சி குடித்து முடிக்கும் வரைக்கும் அவனிடம் ஊர் பேர் கேட்கக் கூடாது. கேட்டால் ஊர்க் கமிட்டியில் குற்றம். செபஸ்தியான் துடுப்பைத் தூக்கினார், போனார், கனியைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார், கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். கனி அதைக் குடித்துவிட்டுத்தான், “யா அல்லா! அண்ணே, நான் டீ மாஸ்டருண்ணே,” என்று அழுதார். அழுத ஆளைக் கரையில் இறக்கிவிட்டு, இவர் வீட்டுக்குப் போய் நெத்திலிக் குழம்பு சாப்பிட்ட கதைதான் முதலிலேயே சொன்னது.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்து சேர்ந்தது. ஜோதிமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள்.

“‘எண் பதினேழு படகின் உரிமையாளர் செபஸ்தியான் அவர்களுக்கு. தாங்கள் துடுப்பை உயர்த்திப் பகைநாட்டு வீரருக்குச் சமிக்ஞை செய்ததாலும், அவருக்கு உணவளித்ததாலும், பொதுமக்களுக்குரிய பாதுகாப்பை இழந்தீர்கள். எனவே பதினொன்றரை மணிக்கு நீலநாட்டின் கற்பனை ஏவுகணையால் தங்கள் படகு சட்டப்படி மூழ்கடிக்கப்பட்டது. படகிலிருந்த தாங்களும் இறந்தீர்கள். கிடைத்த ராணுவப் பலனோடு ஒப்பிடுகையில் தங்கள் மரணம் அளவோடுதான் இருந்தது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ ” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “அளவோடதான் செத்துருக்கீக. குடிக்கிறதத்தான் அளவோட குடிக்கத் தெரியல.”

தெருவே சிரித்தது. செபஸ்தியானும் சிரித்தார். மறுநாள் காலை டோக்கன் வாங்கப் போகும் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் வேண்டும்; டோக்கன் கொடுக்கிற இடத்தில் அருள்முருகன் என்ற எழுத்தர் இருந்தார். உள்நாட்டில் ஏர் பிடிக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கணினியைப் பார்த்தார், செபஸ்தியானைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

“அண்ணே, மூழ்கிட்டீகளே.”

“ஏலே, முன்னால நிக்கிறேன்ல?”

“நிக்கிறீக, நான் பாக்குறேன். கம்ப்யூட்டரு பாக்கலையே! நேத்துத்தான் பேரவையிலேருந்து சேதப் பட்டியல் வந்துச்சு. மேலருந்து வந்த தாளு, ஏத்திட்டோம். மூழ்கின படகுக்கு டோக்கன் போட்டா என் வேலை மூழ்கிரும்ணே.”

செபஸ்தியான் வெளியே வந்து கரையில் உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரே வள்ளம் அலையில் ஆடிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் கூடை கூடையாகக் கணவாய் இறக்கினார்கள். மூன்று வாரத்தில் ஒன்று போயே போய்விட்டது. அவருக்கு அழுகை வந்தது. படகு போனதைவிட அந்த ‘அளவோடு’தான் அவரை உறுத்தியது. ஐம்பத்திரண்டு வருஷம் கடலில் கிடந்து உப்பான உடம்பு. இதை எவனோ ஏசியில் உட்கார்ந்து எடை போட்டு, போனால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறான்.

“வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா, அந்தச் சட்டைய எதுக்கு வாங்கி மாட்டுனீக?” என்று திட்டிக்கொண்டே, ஜோதிமேரி அவரைக் கையைப் பிடித்து லாட்ஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கனியும் தகவல் தெரிந்து கடையைச் சாத்திவிட்டு ஏர்வாடியிலிருந்து வந்துவிட்டார்.

பேரவைக்காரர்கள் அறிக்கை எழுத இன்னும் அங்கேயேதான் தங்கியிருந்தார்கள்; அரங்கத்தில் மேல்முறையீட்டு அமர்வு நடந்தது. தலைவர் மாரீஸ்வரன் நடுவில் இருந்தார். பக்கத்தில் போர்ச் சட்டப் பேராசிரியர் சுகந்தி. குளிரில் செபஸ்தியானுக்குப் பல் தந்தியடித்தது.

“துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினீர்களா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“தூக்குனேம்மா.”

“அதை அந்த வீரர் பார்ப்பார் என்று தெரியுமா?”

“அவரு பாக்கத்தானம்மா தூக்குறது!”

“ஒப்புக்கொண்டார்,” என்று எழுதிக்கொண்டார். “மீட்பதற்கு முன் அவர் எந்த நாட்டவர் என்று உறுதி செய்தீர்களா?”

“தலை மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுச்சு. அதுவும் பாதித் தலை.”

“கஞ்சியோடு வேறு ஏதாவது கொடுத்தீர்களா?”

“ஊறுகா குடுத்தேன்.”

மேடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் குனிந்து, “ஊறுகாய் அறிக்கையில் இல்லையே?” என்றார். “சேர்த்துவிடுகிறேன்,” என்றார் பேராசிரியர்.

கனிக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். “அம்மா, நான் நெசமாவே முங்குனேன். நடிக்கல. மூணு மடக்கு உப்புத்தண்ணி உள்ள போயிருச்சு. இந்த அண்ணன் வரலைன்னா இந்நேரம் எனக்கு ஏழாம் நாள் பாத்தியா ஓதி முடிச்சிருப்பாக!”

பேராசிரியர் கையேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். “பயிற்சிப் போரில் உண்மையாக மூழ்குவதற்கு விதி இல்லை. நீங்கள் உண்மையாக மூழ்கியிருந்தால் அது உங்கள் தரப்பின் அத்துமீறல்.”

“சரிம்மா,” என்றார் செபஸ்தியான், “நான் அன்னைக்கு என்னதான் செஞ்சிருக்கணும்? அதயாவது சொல்லுங்க.”

“எப்பவும் போல இருந்திருக்க வேண்டும்.”

“எப்பவும் போலதாம்மா இருந்தேன்.”

“அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் நீங்கள் கடைசிவரை முழுமையான பொதுமகன். அவருடைய மரணமும் எங்கள் கணக்கில் சரியாகப் பொருந்தியிருக்கும். இப்போது பாருங்கள், யாருக்கு என்ன லாபம்?” பேராசிரியரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். “இன்னொரு தகவல். போருக்கான காரணத்தைத் தேடிய குழு மிகவும் சிரமப்பட்டது. எல்லை என்று பார்த்தார்கள், எண்ணெய் என்று பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் உங்கள் துடுப்புதான் கிடைத்தது. இரு நாடுகளும் போரிட்டதற்குக் காரணம் எண் பதினேழு படகில் உயர்த்தப்பட்ட துடுப்பு என்று ஒருமனதாக முடிவாகியிருக்கிறது.”

ஜோதிமேரி இடுப்பில் கை வைத்தாள். “சண்டை ஆரம்பிச்சது பத்து மணி. இவரு துடுப்பத் தூக்குனது பதினொண்ணே காலு. எப்படிங்கய்யா?”

“காரணம் முன்னால் வரவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையம்மா. எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. பல பெரிய போர்களில் இன்னும் வரவேயில்லை.”

“அப்ப இவர எப்பத்தான் உசுரோட ஆக்குவீக?”

“அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதும். ஆனால் இரண்டு நாட்டு அதிகாரிகளும் தீர்த்தமாடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகவே போர் தொடர்கிறது.”

செபஸ்தியான் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்துப் பேராசிரியர் சுகந்திக்கு இரக்கம் வந்தது. “கவலைப்படாதீர்கள். எங்கள் சட்டத்தில் இறந்தவர்களுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. அவர்களை யாரும் தாக்கக் கூடாது, அவமதிக்கக் கூடாது, எதற்கும் பொறுப்பாக்கக் கூடாது. இறந்தவர் போரில் பங்கேற்றதாகச் சொல்லவே முடியாது. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் நிபந்தனைகள்.”

ஜோதிமேரி சட்டென்று நிமிர்ந்தாள். “அப்ப நான் விதவையா?”

“ஆம். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.”

“அனுதாபத்த வச்சுக்கிடுங்க. விதவைக்கு என்ன உண்டு?”

கையேட்டை மறுபடி புரட்டினார்கள். அதற்கு விதி இருந்தது. மூழ்கிய படகுக்குப் பதிலாக மாற்றுப் படகு வழங்கியதாக ஒரு சான்றிதழ் தரலாம். படகு தருவார்களா என்றால், தரமாட்டார்கள், சான்றிதழ் மட்டும்தான். அது போதும் என்றாள் அவள். அதே நீளம், அதே அகலம், அதே இன்ஜின் என்று அவளே சொல்லச் சொல்ல எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். தலைவர் எழுந்து நின்று இரு கைகளாலும் வழங்கினார். போட்டோவும் எடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே ஜோதிமேரி வள்ளத்திலிருந்த ஒட்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘ஜாஸ்லின்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் இரண்டு என்று பெயிண்டால் எழுதினாள். மறுநாள் டோக்கன் ஆபீசில் சான்றிதழை வைத்தாள். அருள்முருகன் கணினியில் ஏற்றினார். படகு வந்துவிட்டது.

“ஓட்டுறது யாரு அக்கா?”

“கூலிக்கு ஒரு ஆளு வச்சிருக்கேன். பேரு செபஸ்தியான்.”

அருள்முருகன் அவளுக்குப் பின்னால் நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தார். “அதே பேரா?”

“இந்த ஊருல பாதிப் பேருக்கு அதான் தம்பி பேரு.”

“அதுவுஞ் சரிதான்,” என்று டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான்.

இப்படியாகச் செபஸ்தியான் தன் விதவையின் படகில் கூலியாளாகச் சேர்ந்து, மிச்சமிருந்த கணவாயைப் பிடித்தார். ‘தாலியும் பூவுமா ஒரு விதவை, கூலியாளோட குடித்தனம் நடத்துறா’ என்று கரைப் பெண்கள் அவளை ஓட்டித் தள்ளினார்கள். அவளும் சளைக்காமல், செத்தவன் நல்லவன், கூலிக்காரன்தான் சோம்பேறி என்று திருப்பிக் கொடுத்தாள்.

பங்குனியில் பேரவைக்காரர்கள் மறுபடி வந்து, கரையில் ஒரு கருங்கல் நட்டார்கள். ‘அளவோடு உயிர்நீத்த பொதுமகன் செபஸ்தியான் நினைவாக’ என்று அதில் வெட்டியிருந்தது. மெழுகுதிரி ஏற்றி, இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். கூட்டத்துக்குப் பின்னால் செபஸ்தியானும் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றார். வேன் கிளம்பி மண்ணில் தடம் மறைவதற்குள் ஜோதிமேரி கல்லை அசைத்துப் பார்த்தாள். “நல்ல கனமா இருக்கு. நம்ம நங்கூரக் கல்லு தேஞ்சு போச்சுல்ல?” என்றாள். இரண்டு பேருமாகப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினார்கள்.

சித்திரையில் ஒருநாள். செபஸ்தியான் தென்கடலில் தன் நினைவுக்கல்லை இறக்கி, வள்ளத்தை நிறுத்தித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் வாடகைப் படகு ஒன்று தெரிந்தது. மிக்கேல்புரப் போரைப் பற்றிப் பேரவை எடுக்கிற படத்துக்காக, தலைவர் மாரீஸ்வரன் படகின் மூக்கில் நின்று கடலைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மிதவை அங்கி மார்பிலிருந்த பேரவைச் சின்னத்தை மறைக்கிறது என்று கழற்றி வைத்திருந்தார். இன்ஜின் திடீரென்று நின்றது, படகு குலுங்கியது, தலைவரைக் காணோம். நீரோட்டம் படகை ஒரு பக்கமும் அவரை ஒரு பக்கமும் இழுத்தது. கொஞ்ச நேரத்தில் அலைமேல் ஒரு வெள்ளைச் சால்வை எழுந்து எழுந்து ஆடியது.

செபஸ்தியானுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு துடுப்பு என்னவெல்லாம் செய்யும் என்பதும் தெரியும். ஆனால் அவர் யோசித்து முடிப்பதற்குள் துடுப்பு நட்டமாக மேலே நின்றது. கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார், தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார், கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். வழக்கப்படி ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் நினைவுக்கல்லின் மேலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக் குடித்தார். பாதி குடித்தபின் கால்களுக்கு நடுவே தெரிந்த எழுத்தைப் படித்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“நீங்களா?” என்றவர் விம்மிவிட்டார். “உங்களுக்கு நான் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க. ஒப்பந்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே கையெழுத்துப் போட்டு உங்களை உயிரோட கொண்டுவந்துடறேன்.”

இன்ஜின் கயிற்றை இழுக்கப் போன செபஸ்தியான் பதறிப்போய்க் கையை விட்டார்.

“அய்யா, அந்தப் பாவத்தச் செய்யாதீக! உசுரோட இருந்து ஒருக்கா துடுப்பத் தூக்குனதுக்கு ரெண்டு நாட்டுச் சண்டைக்கும் நாந்தான் காரணம்னீக. இந்தா, இப்பவுந்தான் தூக்கியிருக்கேன். ஏன்னு கேக்க ஆளு இருக்கா? செத்தவனுக்குத்தான் முழுப் பாதுகாப்புன்னு அந்த அம்மாவே சொன்னாக. என்னய இப்படியே விட்டுருங்கய்யா. நாளைப்பின்ன எவனாச்சும் முங்குனா நான் போகணும்ல?”

தலைவர் கல்லிலிருந்த எழுத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு சொம்பை நீட்டி, ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார்.